சாயங்காலச் சமையலுக்கு எந்தப் புத்தகம்?

என் சமையல் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள். மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் வாசிகள். முதல் நாளே அவர்கள் கேட்கிற கேள்வி: “மாமி, எந்தப் புத்தகம் வாங்கலாம்?”

அவர்களுடைய சாயங்காலம் எனக்குத் தெரியும். தரமணியில் ஏறிய பறக்கும் ரயிலை விட்டு மந்தைவெளியிலோ திருமயிலையிலோ இறங்கும்போது மணி ஏழு. வழியில் தெற்கு மாட வீதியில் கால் கிலோ அவரைக்காயும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும் வாங்குகிறார்கள். எட்டரைக்குச் சாப்பாடு தயாராக வேண்டும். நடுவில் குளியல், துணி, குழந்தையின் வீட்டுப்பாடம் எல்லாம் போக அடுப்புக்கு மிஞ்சுவது முக்கால் மணி. அந்த முக்கால் மணியில் கைகொடுக்கிற புத்தகம்தான் அவர்களுக்குத் தேவை. வழவழ தாளில் வண்ணப் படங்களோடு வரும் புத்தகங்கள் விருந்தாளி வரும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. புதன்கிழமை ராத்திரிக்கு அவை உதவுவது அபூர்வம்.

நான் எல்லோருக்கும் சொல்லும் பதில் ஒன்றே. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’, முதல் பாகம். கபாலீசுவரர் கோயில் பக்கத்தில் கிரி டிரேடிங்கில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 1951-ல் வெளிவந்த புத்தகம் இன்றைய சாயங்காலத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் தயங்குவார்கள். பொருந்தும் என்பதை வருஷக்கணக்காக அதை வைத்துச் சமைத்தும் சொல்லிக்கொடுத்தும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மீனாட்சி அம்மாள் 1905-ல் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. சமையலில் அவருக்கு இருந்த தேர்ச்சி உறவினர் வட்டத்தில் பிரசித்தம். வெளியூர் போன பெண்கள் இதை எப்படிச் செய்வது, அதற்கு எவ்வளவு போடுவது என்று கேட்டுக்கொண்டே இருக்க, அவரும் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். வக்கீலாக இருந்த உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், இவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டுவிடேன் என்று ஊக்கம் கொடுத்தார். கைம்பெண்களுக்கு எத்தனையோ கதவுகள் சாத்தியிருந்த காலத்தில் ஒரு பெண் தன் பெயரில் எழுதி வெளியிட்ட புத்தகம் அது. பின்னால் மேலும் இரண்டு பாகங்கள் வந்தன. 1962-ல் அவர் காலமானார். புத்தகம் ஆங்கிலத்துக்கும் வேறு இந்திய மொழிகளுக்கும் போயிற்று. கல்யாணமான பெண்களின் பெட்டியில் அமெரிக்கா வரைக்கும் போயிற்று.

யாருக்காக அவர் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் நாத்தனாரும் சூழ இருக்கிற பெண்ணுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. கணவன் வேலை நிமித்தமாக டில்லிக்கோ பம்பாய்க்கோ போய், இரண்டு அறை வீட்டில் தனியாக அடுப்பைப் பற்றவைக்கிற பெண்ணுக்குத்தான் வேண்டும். பக்கத்தில் கேட்க ஆளில்லாத அவளை மனத்தில் வைத்து எழுதியதால்தான், இன்று கஸ்தூரிபா நகர் அடுக்ககத்தில் தனியாகச் சமைக்கிற பையனுக்கும் அது பயன்படுகிறது. ஆளில்லை என்பதுதான் இருவருக்கும் பொது.

இந்தப் புத்தகம் தரும் முதல் உதவி அளவு. அதற்கு முன் நம் வீடுகளில் சமையல் கண் திட்டம், கைத் திட்டம் என்று நடந்தது. ‘கொஞ்சம் போடு’ என்றால் எவ்வளவு என்பது சொல்கிறவருக்குத் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. மீனாட்சி அம்மாள் பருப்பு இத்தனை ஆழாக்கு, மிளகாய் இத்தனை என்று எழுதிவைத்தார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. சென்னைக் கணக்கில் ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 200 மில்லி. பழைய எடைகளில் பலம் சுமார் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம்.

இந்த மாற்றுக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதில்லை. வீட்டில் இருக்கிற ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, அதுதான் ஆழாக்கு என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதாலேயே அளந்தால் போதும். அரிசிக்கும் தண்ணீருக்கும், பருப்புக்கும் புளிக்கும் உள்ள விகிதம்தான் சமையல். டம்ளர் பெரிதானால் எல்லாம் சேர்ந்து பெரிதாகும், விகிதம் மாறாது. புளி ஒன்றுதான் கண்ணால் பார்க்க வேண்டிய சாமான். எலுமிச்சம்பழ அளவு என்றால் 25 முதல் 30 கிராம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். வெளுத்த நிறத்தில் புதுப்புளி வரும் மாதங்களில் அது கூர்மையாகப் புளிக்கும். கறுத்த பழம்புளியில் புளிப்பு அடங்கி, நிறம் கூடியிருக்கும். எந்தப் புளி வீட்டில் இருக்கிறதோ அதைக் கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது உதவி இன்னும் பெரியது. 1951-ல் சென்னை வீடுகளில் விறகடுப்பும் குமுட்டியும்தான். அரைக்க அம்மி, மாவுக்கு ஆட்டுக்கல், குழம்புக்குக் கல்சட்டி, ரசத்துக்கு ஈயச்சொம்பு. ஹாக்கின்ஸ் குக்கர் 1959-ல்தான் வருகிறது, மிக்ஸி 1960களில். விறகுத் தீயை ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம் என்று அளந்து சொல்ல முடியாது. ஆகவே அந்தக் காலத்துச் சமையல் மொழியில் கடிகாரத்துக்குப் பதிலாக அடையாளங்கள் இருந்தன. பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். பருப்பு சிவக்க வறுபட வேண்டும். நுரைத்து மேலே எழும்போது இறக்க வேண்டும்.

இன்றைய புத்தகங்கள் ‘மூன்று விசில்’, ‘ஏழு நிமிஷம்’ என்று எழுதுகின்றன. அவசரக்காரருக்கு அது சௌகரியமாகத் தெரியும். ஆனால் உங்கள் குக்கர் மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா, தீ பெரிய பர்னரா சின்னதா, பருப்பு புதுசா பழசா என்பது எழுதியவருக்குத் தெரியாது. புளித்தண்ணீரின் பச்சை வாசனை போயிற்றா என்பதை உங்கள் மூக்கு சொல்லும். கேஸ் அடுப்பானாலும் இண்டக்‌ஷன் அடுப்பானாலும் அந்த அடையாளம் ஒன்றே. எந்த அடுப்பிலும் செல்லுபடியாகிற குறிப்புதான் முழுமையான குறிப்பு. அடையாளங்களைக் கற்றுக்கொண்டவர் வேகமாகவும் சமைப்பார், ஏனென்றால் காத்திருக்க வேண்டியது எது, வேண்டாதது எது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ரசத்தையே எடுத்துக்கொள்வோம். புளியைக் கரைத்து, உப்பு, பெருங்காயம், தக்காளி, ரசப்பொடி போட்டு அடுப்பில் வைக்கிறோம். இந்த முதல் கட்டத்தில் அது நன்றாகக் கொதிக்கவே வேண்டும். புளியும் பொடியும் வெந்து வாசனை மாறும் வரை விட வேண்டும். பிறகு பருப்பு ஜலம் விட்டு விளாவுகிறோம். விளாவிய பின் விதி தலைகீழாகிவிடுகிறது. இனிமேல் கொதிக்கவே கூடாது. ஓரத்திலிருந்து நுரை கூடி நடுவுக்கு வந்து மேலே எழும்போது தீயை அணைத்துவிட வேண்டும். ஒரு கொதி வந்தாலும் மணம் ஆவியோடு போய்விடும், ரசம் கசண்டிப் போகும். நெய்யில் கடுகு, சீரகம் தாளித்துக் கொட்டி, கறிவேப்பிலை, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு மூடி வைத்தால் முடிந்தது. முன்பாதி கொதிக்க வேண்டும், பின்பாதி கொதிக்கக் கூடாது என்ற ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் தக்காளி ரசம், மிளகு ரசம், எலுமிச்சை ரசம் எல்லாம் கைக்குள் வந்துவிடும். எலுமிச்சை ரசத்தில் மட்டும் சாற்றை இறக்கிய பிறகு பிழிய வேண்டும். சூட்டில் கொதித்தால் கசக்கும்.

இங்கேதான் மூன்றாவது உதவி வருகிறது. நம் சமையல் நூற்றுக்கணக்கான தனித்தனிப் பண்டங்களின் குவியல் இல்லை. அது சில குடும்பங்கள். பருப்புப் போட்ட குழம்பு, பருப்பில்லாத குழம்பு, அரைத்துவிட்டது, மோர் சேர்த்தது, ரசம், கூட்டு, கறி, துவையல். ஒரு குடும்பத்தின் முறை தெரிந்தால் காயை மாற்றி மாற்றி மாதம் முழுவதும் ஓட்டலாம். பொரிச்ச கூட்டு என்பது ஒரு முறை: பயத்தம்பருப்பு வெந்து, காய் வெந்து, உளுத்தம்பருப்பும் மிளகும் வத்தல் மிளகாயும் வறுத்துத் தேங்காயோடு சீரகம் வைத்து அரைத்த விழுது சேர்ந்து, ஒரு கொதி. புடலங்காய், சௌசௌ, அவரை, வாழைத்தண்டு, கோஸ், எதைப் போட்டாலும் அது கூட்டு. ‘சமைத்துப் பார்’ புத்தகத்தை ஓர் ஓரத்திலிருந்து தொடர்ந்து வாசித்தால் இந்தக் குடும்பங்கள் தாமாகவே கண்ணில் படும். இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு வேறு பக்கம் என்று தாண்டித் தாண்டிப் படிக்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

முக்கால் மணியை எப்படிப் பிரிப்பது என்று வகுப்பில் இந்த வரிசையைச் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை வெந்நீரில் புளியை ஊறப் போடுவது. இரண்டாவது, அரிசியும் பருப்பும் களைந்து குக்கரில் வைப்பது. கீழ்த்தட்டில் பருப்பு, மேல்தட்டில் அரிசி. பருப்போடு ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி, ஒரு சொட்டு நல்லெண்ணெய். குக்கர் சத்தம் போடும் நேரம் காய் நறுக்குகிற நேரம். அது அடங்கி மூடி திறக்கும் வரை அடுத்த அடுப்பில் புளித்தண்ணீர் கொதிக்கிற நேரம். இப்படி ஒன்றின் காத்திருப்பில் இன்னொன்று முடிகிறது. புத்தகத்தில் ஒவ்வொரு பண்டமும் தனியாக இருக்கும். அவற்றைப் பின்னிச் சேர்ப்பது சமைக்கிறவர் வேலை. அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் இரண்டு குறிப்புகளையும் முழுக்கப் படித்துவிட வேண்டும் என்பது என் கண்டிப்பான விதி.

வாரம் முழுவதும் இப்படி அமையலாம். திங்கட்கிழமை மிளகு ரசமும் பருப்புத் துவையலும். துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, வத்தல் மிளகாய், மிளகு, தேங்காய், உப்பு வைத்துக் கரகரப்பாக அரைத்தால் துவையல். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும், மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை மணத்தக்காளி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். நல்லெண்ணெயில் தாராளமாகத் தாளித்து, வத்தலைப் பொரித்து, சாம்பார்ப்பொடியை எண்ணெயிலேயே ஒரு பிரட்டுப் பிரட்டி, கெட்டியான புளித்தண்ணீரை விட்டு எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை கொதிக்க விடுவது. இதற்குக் காயே வேண்டாம், மறுநாளும் கெடாது. புதன் பொரிச்ச கூட்டு. வியாழன் அரிசி உப்புமாவும் கத்திரிக்காய் கொத்சும். உடைத்த அரிசி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் இரண்டரை டம்ளர். வெள்ளிக்கிழமை மோர்க்குழம்பு. ஊறவைத்த துவரம்பருப்பு, கொஞ்சம் அரிசி, சீரகம், பச்சைமிளகாய், தேங்காய் அரைத்துப் புளித்த மோரில் கலந்து வைத்தால், அதுவும் ரசத்தைப்போல நுரை கூடியதும் இறங்க வேண்டும்; கொதித்தால் திரிந்துபோகும்.

பருப்பு உசிலியை நான் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவேன். பருப்பு ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும், அரைக்க வேண்டும், இட்லித்தட்டில் ஆவியில் வேகவைத்து உதிர்க்க வேண்டும், பிறகு எண்ணெய் விட்டுப் பொலபொலவென்று வரும் வரை வதக்க வேண்டும். காலையில் கிளம்பும்போதே பருப்பை ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிற பழக்கமுள்ளவர்கள் வாரநாளிலும் செய்யலாம். கீரையைப் பொறுத்தவரை, ராத்திரியில் கீரை சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கும் வீடுகள் மயிலாப்பூரில் இன்றும் உண்டு. அவர்கள் காலை டப்பாவுக்குக் கீரை மசியலை ஒதுக்கிவிடலாம்.

இதற்கெல்லாம் பின்பலமாக இருப்பவை ஞாயிற்றுக்கிழமைப் பொடிகள். சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, கறிப்பொடி என நான்கு டப்பாக்கள். மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்துப் பக்கத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்து, சூடு ஆறும் வரை பேப்பரில் பரத்தி, பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டிதட்டும். மொட்டை மாடியில் வெயில் கிடைக்காத அடுக்ககவாசிகள் வாணலியில் சூடு ஏற வறுத்து மிக்ஸியில் சிறு அளவாக அரைத்துக்கொள்ளலாம். கறிப்பொடி இருந்தால் கத்திரிக்காயோ வாழைக்காயோ வதங்கி இறங்கும் நேரத்தில் இரண்டு ஸ்பூன் தூவ, தேங்காய் அரைக்கிற வேலையே மிச்சம்.

‘சமைத்துப் பார்’ எல்லாவற்றையும் தருகிறதா என்றால், இல்லை. அது தமிழ் பிராமண வீட்டுச் சமையல். தமிழ்நாட்டுச் சைவச் சமையல் அதைவிட அகலமானது. திருநெல்வேலி சைவ வேளாளர் வீட்டுச் சொதி, செட்டிநாட்டு மண்டி, கொங்குநாட்டு அரிசிம்பருப்புச் சோறு, பூண்டுக் குழம்பு ஆகியவற்றைத் தேடுகிறவர் வேறு இடம் போக வேண்டும். அரிசிம்பருப்புச் சோறு வாரநாளுக்கென்றே பிறந்த பண்டம். ஒரே பாத்திரம், ஒரே தாளிப்பு. அதையெல்லாம் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, அளவோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

பின்னால் வந்தவர்களில் மல்லிகா பத்ரிநாத்தின் பணியை மதிக்கிறேன். 1988-ல் சைவக் குழம்பு, கிரேவி வகைகளோடு தொடங்கிய அவருடைய சிறு புத்தகங்கள், மிக்ஸியும் கேஸும் வந்துவிட்ட வீட்டுக்காக எழுதப்பட்டவை. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. சந்திரா பத்மநாபனின் ‘தக்‌ஷிண்’ தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்குத் தென்னிந்தியச் சைவச் சமையலை ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் விகடனின் ‘30 வகை’ இணைப்புகளைச் சேர்த்துவைத்து, பைண்டு செய்து வைத்திருக்கும் வீடுகளைத் தியாகராய நகரில் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் நல்ல துணைகள். ஆனால் முறை கைவந்த பிறகு வகைகளைத் தேட வேண்டும் என்பதுதான் என் முடிவு. முப்பது வகை ரசம் தெரிந்தும் விளாவிய பின் கொதிக்க விடுகிறவருக்கு முப்பதும் ஒரே ரசமாகத்தான் முடியும்.

லஸ் முனையிலோ பாண்டி பஜாரிலோ புத்தகக் கடையில் நிற்கும்போது எந்தச் சமையல் புத்தகத்தையும் நான்கு கேள்விகளால் சோதித்துவிடலாம். முதலில் ரசப் பக்கத்தைப் பிரியுங்கள். எப்போது இறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? அடுத்து உப்புமா. தண்ணீருக்கு அளவு இருக்கிறதா, அல்லது ‘தேவையான அளவு’ என்று விட்டுவிட்டார்களா? உப்புக்குத் ‘தேவையான அளவு’ என்று எழுதினால் பொறுக்கலாம். தண்ணீருக்கு எழுதினால் அந்தப் புத்தகம் வேண்டாம். மூன்றாவதாகத் தேவையான சாமான்களைப் பாருங்கள். உங்கள் அஞ்சறைப்பெட்டியிலும் தெருமுனை மளிகையிலும் இல்லாத பொருள் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அது வாரநாள் புத்தகம் ஆகாது. கடைசியாக, எத்தனை பேருக்கு என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு பேர் அளவை இருவருக்குச் சுருக்கும்போது புளியையும் காரத்தையும் கணக்குப்படி குறைக்கலாம். தாளிக்கும் எண்ணெயை மட்டும் அந்தக் கணக்கில் குறைக்கக் கூடாது. கடுகு வெடிக்க ஒரு ஸ்பூனாவது வேண்டும்.

வாங்கிய புத்தகத்தில் எழுதத் தயங்காதீர்கள். ஓரத்தில் பென்சிலால், நம் டம்ளருக்கு இவ்வளவு தண்ணீர், இந்த மிளகாய்க்கு இரண்டு குறைக்க வேண்டும், நம் குக்கரில் பருப்புக்கு இத்தனை சத்தம் என்று குறித்துவைக்க வேண்டும். அச்சில் இருப்பது மீனாட்சி அம்மாளின் அடுப்பு. ஓரத்தில் எழுதுவது உங்கள் அடுப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் அது உங்கள் வீட்டுப் புத்தகம். அடுத்து அந்த அடுப்படிக்கு வருகிறவருக்கும் அது உதவும்.

படிக்கிற உங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த வாரம் முதல் பாகத்தை வாங்குங்கள். ரசத்தில் தொடங்குங்கள். ஒரே ரசத்தை அதே அளவில் தொடர்ந்து செய்து, நுரை கூடும் அந்தக் கணத்தைக் கண் தானாகப் பிடிக்கும் வரை வேறு ரசத்துக்குப் போகாதீர்கள். பிறகு துவையல், பிறகு கூட்டு, பிறகு குழம்பு. இந்த வரிசையில் போனால், வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிற செலவும் அலுப்பும் இல்லாமல், களைத்து வந்த நாளிலும் சூடான சாதத்தை நீங்களே போட்டுச் சாப்பிட முடியும். சமையல் பிறவி வரம் இல்லை. அளவும் அடையாளமும் வரிசையும் சேர்ந்த ஒரு கைத்தொழில். யாரும் கற்றுக்கொள்ளலாம்.